மூன்றாம் நாள் மருந்து

மேடத்தின் மேசையில் காபி ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. இரண்டு நாளாக அவள் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை என்று 'குலுக்கி' மனசு கேளாமல் எல்லோரிடமும் புலம்பினார். கடல்நீரில் எண்ணெயையும் மருந்தையும் விட்டு, கரைகிறதா என்று பாட்டிலைக் குலுக்கிப் பார்ப்பது ஆய்வகத்தில் அவர் வேலை. பெயரும் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

தரைதட்டிய கப்பலின் எண்ணெய் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. விமானத்திலிருந்து மருந்து தெளித்தால் எண்ணெய் கரைந்து தண்ணீருக்குள் இறங்கும், கூண்டு மீன்கள் சாகும். தெளிக்காவிட்டால் கரைச் சேற்றில் சிப்பிகள் சாகும். கூண்டுகள் மேடத்தின் அண்ணனுடையவை, சிப்பிகள் தம்பியுடையவை. தெளிப்பதா வேண்டாமா என்று கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி அவள்.

"தெளிக்காதம்மா" என்றான் அண்ணன். "அப்பா மொத்தத்தையும் எங்க ரெண்டு பேருக்கே எழுதி வெச்சப்பகூட நீ வாயத் திறக்கல. அந்த நல்ல மனசு எங்க போச்சு?"

"தெளிக்கச் சொல்லுக்கா! என் பிள்ளைங்க சோத்துல மண்ணப் போட்டுடாத" என்று தம்பி காலில் விழாத குறை.

முதல் நாள் எண்ணெய் குலுக்கிய மாத்திரத்தில் பால் காபி நிறத்தில் கரைந்தது. "இன்னிக்கே முடிவெடுத்தா ஒருத்தராவது பிழைப்பாங்க மேடம்" என்றார் குலுக்கி.

"யாருன்னு நீங்களே சொல்லுங்க" என்று கண்ணைத் துடைத்தாள். பாவம், எந்தப் பெண்ணுக்கும் இந்த நிலைமை வரக் கூடாது.

இரண்டாம் நாள் அவர் பாட்டிலை எடுத்தபோது, "இன்னிக்குக் குலுக்க வேண்டாம், விடுங்க" என்றாள்.

மூன்றாம் நாள் காலை, தெளிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனான். தம்பி கையெடுத்துக் கும்பிட்டுப் போனான். விமானம் கிளம்பியது.

பழக்கதோஷத்தில் குலுக்கி அன்றைய எண்ணெயைப் பாட்டிலில் விட்டுக் குலுக்கினார். அது தார்க் கட்டியாக மிதந்து உருண்டதே தவிர, துளிகூடக் கரையவில்லை. பதறியடித்துக்கொண்டு மேடத்தின் அறைக்கு ஓடினார்.

"மேடம், விமானத்தத் திருப்பச் சொல்லுங்க! எண்ணெய் இறுகிப் போச்சு, மருந்து பிடிக்காது. மருந்து இறங்கி மீன் சாகும், எண்ணெய் அப்படியே கரைக்கு வந்து சிப்பியும் சாகும். ரெண்டு பேரும் நடுத்தெருவுக்கு வந்துடுவாங்க!"

மேடம் சூடான காபியை ரசித்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"தெரியும். அப்பா சொத்து இப்பத்தான் மூணு பேருக்கும் சமமாப் பிரிஞ்சிருக்கு."