கம்ப்யூட்டரில் அம்மா குரல்

"அடுத்தது எட்டு மணிக்கு. மோட்டாரை நிறுத்தணும். போட்டியா?"

"போட்டாச்சும்மா."

அம்மா சொல்லச் சொல்ல மகள் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தாள். பால், மோட்டார், அப்பாவுக்கு மாத்திரை, வாசல் கதவு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அலாரம். இந்த வீட்டுக்கே கடிகாரமாக இருந்தவள் அம்மா.

"எதுக்கும்மா இவ்வளவு?"

"மறந்து போகுதுல்ல?"

அந்தப் பதிலுக்குத்தான் அவள் பயந்தாள். ஒரு வாரமாகவே வீடு சரியில்லை. தொட்டி நிரம்பி மாடியிலிருந்து தண்ணீர் கொட்டியது. பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்தது. முந்தாநாள் காய் வாங்கப் போன அம்மா, மதியம் வெறும் பையோடு திரும்பி வந்தாள். கேட்டால் சிரித்தாள். மகள் யாருக்கும் தெரியாமல் நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருந்தாள்.

சோபாவில் படுத்திருந்த அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்கம்மாவுக்கு மண்டை துருப்பிடிச்சுப் போச்சு. மிஷின் வச்சா சரியாகிடுமா?"

"பால் பொங்கினப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான்."

"எழுந்து அணைச்சா கை தேஞ்சிடுமா?"

"அது என் வேலையா?"

"சாப்பிடுறது மட்டும்தான் உங்க வேலை."

"படிக்க வச்சேன் பாரு, வாய் நல்லா வளர்ந்திருக்கு."

"அவரை விடுடி," என்றாள் அம்மா. "சத்தத்தைக் கூட்டு. டிவியையும் மீறிக் கேக்கணும்."

மகள் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, நாளைக்கு நாம ஒரு டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம். சும்மா, ஒரு தடவை."

"நாளைக்கா? நாளைக்கு எனக்கு ஒழியாது."

"வீட்ல உனக்கு அப்படி என்ன வேலை? சொன்னா கேளும்மா."

"முதல்ல இதை முடி. வெறும் மணி அடிச்சா எதுக்குன்னு புரியாது. குரலைப் பதியலாம்னு சொன்னியே?"

தன் குரலே தனக்கு வேண்டியிருக்கும் அளவுக்கு ஆகிவிட்டதா? மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை நகர்த்தி வைத்தாள்.

"இதை அழுத்திட்டுப் பேசும்மா."

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். தொண்டையைச் செருமினாள்.

"என்னங்க, ஏழு மணி ஆச்சு. எழுந்து பாலை அடுப்புல வைங்க. பொங்குறதுக்குள்ள அணைங்க."

சோபாவில் அப்பா எழுந்து உட்கார்ந்தார். "யாரைச் சொல்றே?"

"உங்களைத்தான்." அம்மா மகள் பக்கம் திரும்பினாள். "நீயும் ஆபீஸ் போயிடுவே. இவர் தனியா சமாளிப்பாரான்னு ஒரு வாரம் வேணும்னே விட்டுப் பார்த்தேன். வீடே முழுகினாலும் மனுஷன் அசையல. அதான் மிஷின்."

"அப்போ அன்னைக்கு வெறும் பையோட வந்தது?"

"பேக்கரியில வேலை கேட்டுப் போனேன்டி. நாளைக்குக் காலையிலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க."

மகள் டாக்டரிடம் வாங்கியிருந்த நேரத்தை ரத்து செய்தாள். அப்புறம் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போய், சோபாவின் தலைமாட்டில் வைத்தாள்.