நூற்றைம்பதாம் படி

இருநூற்று எழுபத்திரண்டு படியில் நூற்றைம்பதாவதில் பவுனம்மாளின் முட்டி பூட்டிக்கொள்கிறது. நாலு மாடிக்குச் சிமெண்டு சுமந்து தேய்ந்த முட்டி. மகள் ஆபரேஷனில் பிழைத்தால் பத்துமலை ஏறி முருகனுக்குப் பால் கொடுப்பதாக வேண்டிக்கொண்டவள், மகள் பிழைத்துவிட்டதால் கிள்ளானிலிருந்து சுற்றுலா பஸ்ஸில் வந்திருக்கிறாள். வர்ணப் படிகளில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. பால் செம்பை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்கிறாள். குரங்கொன்று செம்பையே பார்க்கிறது. மேலே குகைக்கோயிலைப் பார்த்துவிட்டு இறங்கும் கூட்டத்தோடு கைடு கிஷன் கொடியைச் சுருட்டியபடி வருகிறான். "இறங்குவோம் ஆன்டி, டைம் ஆச்சு." "நாப்பது கோடி வருஷத்து மலைன்னியே தம்பி, எனக்காக அரை மணி நிக்காதா?" "மலை நிக்கும் ஆன்டி, பஸ் நிக்காது லா." ஏறிப்போகும் ஒருத்தியிடம் செம்பைக் கொடுத்தனுப்புகிறாள். பால் போய்ச் சேர்ந்துவிடும். நூற்றிருபத்திரண்டு படி முருகனுக்கு இன்னும் கடன்.