வழிக்காத தாடி

நாற்காலி காலியாகத்தான் இருந்தது. இருந்தும் சலூன்காரர், “இன்னிக்கு வேண்டாங்க ஐயா,” என்றார்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நேற்றும் இதே பதில்தான். நேற்றாவது கரண்ட் இல்லை என்று ஒரு காரணம் கிடைத்தது. சவரக் கத்திக்கு எதற்குக் கரண்ட் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

“வழிச்சுக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டார் தம்பி. தழும்ப மட்டும் தொடக் கூடாதாம்.”

சலூன்காரர் நிமிரவில்லை. சீப்பைத் துடைத்தார். துடைத்த சீப்பையே மறுபடியும் துடைத்தார். அடுத்த தெருவில் புதிதாக ஒரு கடை வந்திருக்கிறது, பையன்கள் சுத்தமாகச் செய்கிறார்கள் என்று சீப்பிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

கடைக்காரர் தாடியோடு வீடு திரும்பினார்.

எழுபது வயதுக்கு மேல், மூக்கின் ஓரத்தில் தோல் புற்றுநோய். அறுத்தெடுத்துவிட்டு, காதுக்குப் பின்னாலிருந்து எடுத்த தோலை அங்கே வைத்துத் தைத்திருந்தார்கள். தையல் பிரித்தாயிற்று, புண்ணும் ஆறிவிட்டது. கன்னம் மட்டும் இன்னும் மரத்துக் கிடந்தது. தானே வழித்துப் பார்த்தபோது, கத்தி கிழித்ததே தெரியாமல், வாஷ்பேசினில் ரத்தம் சொட்டிய பிறகுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை கடையைத் திறப்பதாக இருந்தார். முகத்துக்கு முன்னால் முகம் வைத்துச் செய்கிற தொழில் அவருடையது. வந்தவரை எதிரே உட்காரவைத்து, மூச்சுக்காற்று படும் தூரத்தில் குனிந்து, கண்ணாடிச் சட்டத்தை மூக்கில் பொருத்தி, காதோரம் வளைத்துக் கொடுக்க வேண்டும்.

“கடையத் திறக்கப் போறதில்ல,” என்றார் மனைவியிடம். “இத்தனை வருஷமா இந்த மூஞ்சியத் தொட்டு வேலை செஞ்சவனே ஒதுங்கறான். முன்னப்பின்ன தெரியாதவங்க என் முன்னால மூக்க நீட்டிக்கிட்டு உட்காருவாங்களா?”

தாடியோடு போனால் கடை என்ன உள்ளே விடமாட்டேன் என்றா சொல்லும் என்று மனைவி கேட்டார். அவர் சிரிக்கவில்லை. கடையை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கே கொடுத்துவிடலாம் என்று சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். அழைப்புமணி அடித்தால் உள்ளறைக்குப் போய்விடுவதும், பேசும்போது கன்னத்தைக் கையால் மூடிக்கொள்வதும் இந்த இரண்டு நாளில் வந்த பழக்கங்கள். சாப்பாடும் சரியாக இறங்கவில்லை.

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டார்.

“வாங்க என்கூட. ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வந்துடலாம்.”

வேண்டாம், வம்பு எதற்கு என்று சொல்லிக்கொண்டே அவரும் பின்னாலேயே போனார்.

சலூனின் நடுவில் நின்றுகொண்டு அந்த அம்மையார் கேட்ட கேள்விகள் கொஞ்சமல்ல. நல்ல நாளில் நாலு கதை பேசிச் சிரிப்பவர்கள், கஷ்ட காலத்தில் முகம் திருப்பிக்கொள்வது எந்த ஊர் நியாயம் என்றார். மனிதரை வாசலில் நிறுத்தித் திருப்பியனுப்ப எப்படி மனம் வந்தது என்றார். பெஞ்சில் காத்திருந்தவர் செய்தித்தாளை உயர்த்தி அதற்குள் ஒளிந்துகொண்டார்.

சலூன்காரர் எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

“ஒட்டிக்கற வியாதின்னு நெனச்சீங்களா? இல்ல, பார்க்க அருவருப்பா இருக்கா? எதுவா இருந்தாலும் வாயத் திறந்து சொல்லிடுங்க தம்பி. உங்களால இவர் தொழிலையே விடறேங்கறார்.”

அப்போதுதான் சலூன்காரர் நிமிர்ந்தார். கடைக்காரரின் அருகில் வந்து அந்த இடத்தை உற்றுப் பார்த்தார். விரலை நீட்டியவர், தொடாமலே இழுத்துக்கொண்டார்.

“நல்லா ஆறியிருக்குங்க ஐயா,” என்றார். “அருவருப்பெல்லாம் இல்லீங்க. பயம். முன்னெல்லாம் அந்த இடத்துல கத்தி படும்போதெல்லாம் ரத்தம் வரும். நானும் படிகாரத்தத் தேய்ச்சு அனுப்பிடுவேன். என் கத்தி கீறிக் கீறித்தான் அது புத்துநோயாயிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். மறுபடியும் என் கையால வந்துடக் கூடாதுங்க.”

கடைக்காரரின் கை கன்னத்தை விட்டுத் தானாக இறங்கியது.

“அட, இதுக்கா?” என்றார். இளவயதில் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கண்ணாடி விற்ற வெயில், இப்போது வேலையைக் காட்டியிருக்கிறது, கத்திக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டதை விளக்கினார்.

“அதுமட்டுமில்ல தம்பி. அடிக்கடி ரத்தம் வந்ததாலதான் சந்தேகப்பட்டு டாக்டர்கிட்டயே போனேன். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா மூக்கே போயிருக்கும்னார். உன் கத்திதான் என்னைக் காப்பாத்திச்சு. எந்தப் புத்திகெட்ட மனுஷன் உன்கிட்ட இப்படிச் சொன்னது?”

சலூன்காரர் துண்டை எடுத்து உதறினார். நாற்காலியைக் கடைக்காரர் பக்கம் திருப்பினார். அம்மையார் நின்ற திசையை மட்டும் அவர் பார்க்கவில்லை.

“யாரோ பேசிக்கிட்டாங்க ஐயா. ஞாபகமில்ல. நீங்க உட்காருங்க.”

“எனக்கு ஞாபகம் இருக்கு தம்பி,” என்றார் அம்மையார். “ஆபரேஷனப்ப வீட்டுக்கு வந்தவங்க எல்லார்கிட்டயும் உங்க கத்தியாலதான்னு சொன்னது நான். டாக்டர் சொன்னத மட்டும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல.”