மேலே எறிந்த பந்து

“நான் தலையாட்டாம கொழும்பு யுனிவர்சிட்டியில ஒரு பய வீட்டுக்குப் போனதில்லைங்க தொரை! புரபஸரையும் சேத்துத்தான் சொல்றேன்!”

சோலைமலை இப்படிச் சொன்னதும் தலவாக்கலை மழையே ஒரு நிமிடம் நின்று காது கொடுத்தது. பிரஜாவுரிமை விசாரணைக்கு வந்திருந்த துரை மட்டும் காது கொடுக்கவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் இராசரத்தினம் சொன்னால்தான் உண்டு.

இராசரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். உடம்பு அரிசி மூட்டை, தலை வழுக்கை, மூக்கில் கனத்த கண்ணாடி. “என்ன கதை விடுறாய்? லிந்துலைத் தோட்டத்தில தேயிலைச் செடி வெட்டுற உனக்கு யுனிவர்சிட்டியில என்ன அலுவல்?” என்றார்.

விஷயம் இதுதான். நாற்பத்திரண்டில் தொடங்கி மூன்று வருடம் தோட்டத்துப் பதிவில் சோலைமலையின் பெயர் இல்லை. அப்போது அவன் இந்தியாவுக்குப் போய்விட்டான் என்று துரை முடிவு கட்டினால் மனு தள்ளுபடி. அவனுக்கும் மனைவி பூரணிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் நாடே கிடையாது.

கொழும்பில்தான் இருந்தான் என்று காட்ட ஒரு காகிதமும் இல்லை. அவனை வேலைக்கு வைத்த புரபஸர் கப்பலேறிப் போய், செத்தும் போயிருந்தார். மிஞ்சியது வாய் ஒன்றுதான். அதை ஆண்டவன் அவனுக்கு வஞ்சகமில்லாமல் கொடுத்திருந்தான்.

“பௌதிக வகுப்புங்க. பெரிய மண்டபத்துல பாடம் சொல்றது வேற. கலந்து பேசுற வகுப்புன்னு இன்னொண்ணு இருக்கு. மேசை மேசையா பசங்கள உக்கார வச்சு, எல்லாருக்கும் ஒரே கேள்வி. புரபஸரு விடை சொல்ல மாட்டாரு. சுத்திச் சுத்தி வருவாரு, ‘ஏன்?’ம்பாரு, போயிருவாரு. பசங்களே மோதிப் பேசித் தீத்துக்கணும்.”

“நாலு பேர் இருக்கிற மேசையில நீ அஞ்சாவது ஆளா இருந்தனியோ?”

“இல்லீங்கய்யா, நான் பலகை தொடைக்கிறவன். கதவோரமா முக்காலி. ஆனா புரபஸரு சட்டம் போட்டுட்டாரு: கண்டுபிடிச்ச விடைய இவனுக்கு வெளங்கச் சொல்லு, தமிழோ சிங்களமோ, இவன் தலையாட்டுனாத்தான் வகுப்பு கலையும்னு.”

அவன் மூச்சுவிடாமல் சொன்னதெல்லாம் இராசரத்தினத்தின் இங்கிலீஷில் நாலே சொல்லாகச் சுருங்கிப் போனது. துரை சிரித்தார். சிரிக்கிற துரை கையெழுத்தும் போடுவார் என்று சோலைமலைக்கு வேகம் வந்துவிட்டது.

“ஒருநா கேள்வி என்னன்னா, மேல எறிஞ்ச பந்து உச்சியில நிக்கிற நொடியில பூமி அத இழுக்குதா, இல்லையா? ஒரு தமிழ்ப் பய எந்திரிச்சு வந்தான். ஓணான் மாதிரி ஒல்லி, கழுத்துல டை வேற. ‘உச்சியில இழுப்பே இல்லை’ன்னு பலகை நெறைய எழுதித் தள்ளுனான். நான் கேட்டேன்: ‘அப்ப அது அங்கனயே தொங்க வேண்டியதுதானே தம்பி, ஏன் கீழ வருது?’”

துரையின் பேனா நின்றது. சோலைமலை விடுவானா?

“நனஞ்ச கோழியாட்டம் நின்னான். மூணு மணிக்குத் தொடங்குனது, வெளக்கு வச்சாச்சு, நான் தலையாட்டலையே! கடைசியில தாயில்லாக் கன்னுக்குட்டியாட்டம் கதறி அழுதான் பாருங்க, கடற்கரை வரைக்கும் கேட்டுச்சு. மறுநாளே பொட்டியத் தூக்கிட்டு ஊருக்கு ஓடிட்டான்!”

“அவன்ர பேர் என்ன?” இராசரத்தினம் கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“பேரும் தெரியாது, மொகமும் ஞாபகமில்லைங்க. நான் பலகையத்தானே பாத்தேன்!”

துரை சோலைமலையையும் இராசரத்தினத்தையும் மாறி மாறிக் காட்டி இங்கிலீஷில் நீளமாக ஏதோ கேட்டார். “நோ, சேர்” என்றார் இராசரத்தினம். அது மட்டும் சோலைமலைக்கும் விளங்கியது.

துரை இரண்டு வரி எழுதினார். தொப்பியை எடுத்துக்கொண்டு காருக்கு நடந்தார்.

“என்னாங்கய்யா எழுதிருக்கு?”

“தள்ளுபடி.”

சோலைமலை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். வெளியே பூரணி கைப்பிள்ளையோடு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இராசரத்தினத்தின் பக்கம் திரும்பிக் கேட்டான்: “மேல கோர்ட்டுக்குப் போகலாங்களா?”

“அங்கயும் சாட்சி கேப்பினம். அந்த வகுப்பில உன்னைக் கண்ட ஆள் வேணும்.”

“ஒருத்தர் போதுங்களா?”

“ஒருத்தர் போதும்.”

“படிச்சவங்க எல்லாம் இப்ப எந்தச் சீமையில இருக்காங்களோ! நான் எங்கன்னு போய்த் தேடுவேன்?”

கார் ஹார்ன் அடித்தது. இராசரத்தினம் கோப்புகளைக் கட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். கதவு வரைக்கும் போனவர், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“நீ சொன்னதெல்லாம் நடந்ததுதான். ஆனா, நான் அப்பிடிக் கதறி அழேல்லை.”