குவிமாடத்துக்குள் ஒரு குரல்

"பொண்டாட்டியப் பேரு சொல்லிக் கூப்பிட்டா எங்க வீட்டுல கேலி பண்ணுவாங்க, இந்தா," என்றார் சிவராசன், கல்யாணமான புதிதில்.

"அப்ப என் பேரு ரேஷன் கார்டுக்கு மட்டுந்தானா?" என்று சிரித்து, பேர் சொல்லிக் கூப்பிடவேண்டும் என்ற ஆசையை விழுங்கிக்கொண்டாள் தமயந்தி.

இருபத்தாறு வருடம் கழித்து, லண்டன் பேராலயத்தின் குவிமாடத்துக்குள் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். வட்டச் சுவரோரம் கிசுகிசுத்தாலே மறுபக்கம் கேட்கும் என்று வழிகாட்டி சொல்லியிருந்தார்.

"இந்தா, கேக்குதா?"

முந்நூறு வருடத்துக் கல், கணவரின் குரலைச் சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்தது. தமயந்தி அண்ணாந்து பார்த்தாள். இவ்வளவு உயரத்தைக் கட்டத் துணிந்தவர்களுக்கு முன்னால் தன் ஆசை ரொம்பச் சின்னதாக, கேட்கத் தயங்கவே வேண்டாததாகத் தெரிந்தது. அவள் கிசுகிசுக்கவில்லை, வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்க்க, குவிமாடம் நிறையச் சொன்னாள்:

"தமயந்தின்னு கூப்பிடுங்க!"