மூன்றாவது படம்

ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வராந்தாவில், விவாகரத்து வழக்குக்குப் பெயர் கூப்பிடுவதற்கு முன், ஜோயல் ஒரு கவரை நீட்டினான்.

"மூணாவது படத்த மட்டும் ஒரு தடவ பாத்துரு, கல்பனா."

இருவரும் கணிதப் பேராசிரியர்கள். அவன் ராஜபாளையத்தில். அவள் இங்கே, மடவார் வளாகத்தில் ஒரு வாடகை வீட்டில். யாரும் யாரையும் ஏசவில்லை, அடிக்கவில்லை. வீட்டில் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது.

பிரிந்த இந்த ஒன்றரை ஆண்டில் இருவருக்கும் இடையே போய்வந்தது இந்தக் கவர் மட்டும்தான். சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை. மாதம் ஒரு முறை அவன் அனுப்புவான். அவள் திருத்தி அனுப்புவாள்.

பிரித்தாள். புள்ளிகள், அவற்றை இணைக்கும் வண்ணக் கோடுகள். எந்த மூன்று புள்ளிகளை எடுத்தாலும் ஒரே நிறத்தின் வழியாக அவை சேர வேண்டும். வளையமில்லாமல் கிளைத்துப்போகும் கோடுகளை மரம் என்பார்கள். எல்லாப் புள்ளிகளையும் தொடும் ஒரு சிவப்பு மரம் இருந்துவிட்டால் போதும், மற்றக் கோடுகள் எந்த நிறத்திலும் இருக்கலாம்.

அந்த மரத்தின் ஒரு கோட்டை அவன் நீலமாக்கியிருந்தான். ஓரத்துப் புள்ளி ஒன்று தனியே நின்றது.

முதலாண்டு மாணவன்கூடச் செய்யாத தவறு. போன மாதமும் இதே கோடுதான்.

வக்கீல் வேல்பாண்டி எட்டிப் பார்த்தார். "இங்க வந்து சண்ட போடுதவியளப் பாத்திருக்கேன், கணக்குப் போடுதவியள இப்பத்தான் பாக்கேன். உள்ள போட்டு வைங்க மேடம். உங்களுக்குள்ள பேச்சுவார்த்த எதுவும் உண்டான்னு ஜட்ஜ் ஐயா கேப்பாரு. என்ன சொல்லுவிய?"

"இல்லைன்னு."

ஜோயல் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் சிவப்புப் பேனாவை எடுத்து நீலத்தின் மேல் அழுத்தி ஒரு கோடு இழுத்தாள். மை காயும்வரை தாளை மடியில் வைத்திருந்தாள். பிறகு கவருக்குள் போட்டு அவனிடம் கொடுத்தாள்.

"சரியாயிருச்சு. இனி அனுப்ப வேண்டாம்."

அவன் தலையசைத்தான். டவாலி பெயர்களைக் கூப்பிட்டார்.

அந்தக் கட்டுரை மார்ச் மாதமே வெளியாகிவிட்டது. அவன் அதை அவளிடம் சொல்லவில்லை. இதழின் இணையதளத்தில் அன்றே அவள் பார்த்துவிட்டாள். மூன்றாவது படத்தில் ஒரு பிழையும் இல்லை.

அதற்குப் பிறகும் ஐந்து கவர்களைத் திருத்தி அனுப்பியிருந்தாள்.