தோல் வாஷர்

"முடியாது ஓய். கையெழுத்துப் போடமாட்டேன்."

அழகியமணவாளன் சம்மதப் பத்திரத்தைத் தொடக்கூட இல்லை. நகரசபைத் தலைமை குமாஸ்தா ராஜகோபாலன் அதை நீட்டிய கையோடு வாசல்படியில் நின்றார். இது ஐந்தாவது தடவை. காலும் ஓய்ந்துவிட்டது, வாயும் ஓய்ந்துவிட்டது.

"குழாய் மேலே உமக்கு என்னதான் விரோதம்?"

"அதுக்குள்ளே தோல் வாஷர் இருக்கு. மாட்டுத்தோல். அதிலே பட்டு வர தீர்த்தத்திலே தளிகை பண்ணிப் பெருமாளுக்குக் காட்டச் சொல்றீரா?"

"தோல்தானே வேண்டாம்? ரப்பர் போடச் சொல்றேன்."

"ரப்பர் மட்டும் என்ன துளசிச் செடியிலேயா காய்க்கறது?"

"காவேரிக்கு அக்கரையிலே அத்தனை பேரும் குழாய்த் தண்ணியைத்தானே குடிக்கறா?"

"நன்னாக் குடிக்கட்டும். நமக்கு வேண்டாம்."

ராஜகோபாலனுக்கு அழுகையே வந்தது. ஒரு நாளா, இரண்டு நாளா? மூன்று வருஷம்! ஸ்ரீரங்கத்தில் புதுக் குழாய் போடப் பணம் கேட்டுச் சென்னை சர்க்காருக்கு எத்தனை மனு! ஒன்று கலெக்டர் ஆபீஸில் ஒரு வருஷம் தூங்கிற்று. இன்னொன்றை சானிட்டரி இன்ஜினீயர் நாலு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினார். தீர்மானம் போட்டுப் போட்டுச் சேர்மனுக்கே சலித்துவிட்டது. கடைசியில் ராஜகோபாலன் தானே உட்கார்ந்து ஒரு மனு எழுதினார். படித்தால் கல்லும் கரையும். சர்க்காரும் கரைந்தது.

வந்த பணம் ஒரே ஒரு தெருவுக்குத்தான் காணும். எந்தத் தெரு என்று சபையில் பேச்சே எழவில்லை. சேர்மனின் மாமனார் வீடு பூந்தோட்டத் தெருவில். கவுன்சிலர்கள் இரண்டு பேர் பூந்தோட்டத் தெரு. ராஜகோபாலனும் அதே தெரு. அப்புறம் என்ன விவாதம் வேண்டிக் கிடக்கிறது?

சர்க்கார் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. தெருவில் பாதிப் பேருக்கு மேல் தண்ணீர் வரி கட்டச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அதுவும் மார்ச் முப்பத்தொன்றுக்குள்.

முதல் வாரம் எல்லோரும் 'ஆஹா' என்றார்கள். இரண்டாம் வாரம் அழகியமணவாளன் ஆரம்பித்தார். கோயிலில் பாராயணம் முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் தோல், தோல் என்று ஒரே பேச்சு. ஆசார விஷயத்தில் அந்தத் தெருவுக்கு அவர் வாக்குதான் வேதம். அவ்வளவுதான். இருபத்தேழு வீட்டில் ராஜகோபாலனைத் தவிர ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. சேர்மனின் மாமனாரே நழுவிவிட்டார்.

இரும்புக் குழாய்கள் நகரசபைக் கொல்லையில் ஒரு மாதமாகக் கிடந்தன. ஓவர்சீயர் இருதயநாதன் தினமும், "சார், எங்கே தோண்டட்டுங்க?" என்பார். ராஜகோபாலன் பைலைப் புரட்டுவார்.

இன்று தேதி முப்பது.

காலையில் அவர் மனைவி வைதேஹி கிணற்றடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. "ஏன்னா, அந்தக் குழாய் வருமா, வராதா? இந்தக் கயித்தை இனிமே என்னாலே இழுக்க முடியாது" என்றாள். பதினெட்டு வருஷமாக இழுக்கிறாள். ஒரு நாள்கூட முடியாது என்று சொன்னதில்லை. அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் வெட்கத்தை விட்டு மறுபடி இங்கே வந்திருந்தார்.

"உம்மைக் கையெடுத்துக் கும்பிடறேன். சபைக்காக இல்லே ஓய், ஆத்திலே அவளுக்காகக் கேக்கறேன். நீர் ஒருத்தர் போட்டா மத்தவா தானாப் போட்டுடுவா."

அழகியமணவாளனின் முகம் வாடிவிட்டது. "பாவம். என் ஆத்திலேயும் இடுப்பு வலிதான்" என்றார். பிறகு, "ஆனாலும் முடியாது" என்றார்.

ராஜகோபாலனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உம்ம ஆசாரத்திலே இடி விழ! இதனாலே என்ன ஆகும்னு தெரியுமா? நாளைக்குள்ளே இங்கே சம்மதம் சேரலேன்னா, கேக்கற வேற இடத்துக்குப் போடுங்கோன்னு இன்ஜினீயர் எழுதிட்டார். மணல்மேட்டுக்காரா அத்தனை பேரும் கைநாட்டு வெச்சுட்டுத் தயாரா நிக்கறா. குழாய் அங்கே போயிடும்!"

மணல்மேடு என்பது கொள்ளிடக் கரையில் கூலிக்காரர்கள் குடிசை போட்டிருக்கும் இடம். கிணறு கிடையாது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறுகிறதை மொண்டு குடிக்கிறவர்கள்.

"போகட்டுமே" என்றார் அழகியமணவாளன்.

"என்ன ஓய், இவ்வளவு லேசாச் சொல்றீர்?"

"அங்கே போகணும்னுதானே ஓய் நான் தோலைப் பிடிச்சுண்டேன்!"

ராஜகோபாலன் பத்திரத்தோடு ஒரு படி கீழே இறங்கிவிட்டார்.

"இங்கே வேண்டாம்னா, கேக்கறதுக்கு அவாளை விட்டா வேற யார்? மணல்மேட்டுக்குக் குடுங்கோன்னு நான் நேராச் சொல்லியிருந்தா, இந்தத் தெருவிலே யார் கேட்டிருப்பா? என்னைப் பார்த்துச் சிரிச்சிருப்பா. ஆசாரம்னேன், அத்தனை பேரும் வாயை மூடிண்டா."

"மூணு வருஷமா நாயா அலைஞ்சு பணம் கொண்டுவந்தது நான்! அதைத் தூக்கி யாருக்கோ குடுக்க நீர் யார்?"

அழகியமணவாளன் குரலை உயர்த்தவில்லை.

"நீர்தான் கொண்டுவந்தீர், இல்லேங்கலே. அந்த மனுவை அனுப்பறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சுக் காட்டினீரே, ஞாபகம் இருக்கா? ஊத்துத் தண்ணியைக் குடிச்சுக் காலராவிலே போன மணல்மேட்டுக் குழந்தைகள் ஒன்பது பேரையும் பேர் பேரா எழுதி வாங்கின பணம் அது. அந்தக் குழாயடியிலே நாம எப்படி ஓய் குடத்தை வைக்கறது?"